டி.பி.என். ஏறும்போது குடலைக் காப்பது: எதை முதலில் சேர்ப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது

டி.பி.என். என்பது முழு உணவையும் இரத்தக் குழாய் வழியாகவே ஏற்றுவது. அப்படி ஏறுகிறவருக்கு, "குடலுக்கு நல்லதாக ஏதாவது பவுடர் சேர்க்கலாமா?" என்ற கேள்வி இரண்டாம் நாளே வந்துவிடும். வீட்டார் கேட்பார்கள், வார்டுக்குப் புதிதாக வந்த டயட்டீஷியனும் கேட்பார். கேள்வி நியாயமானது. ஆனால் பதில் தேடும்போது வரிசை தலைகீழாகிவிடுகிறது. கடைசியில் யோசிக்க வேண்டிய புரோபயாடிக் (உயிருள்ள நல்ல கிருமிகள் அடங்கிய பொடி) முதலில் வந்து நிற்கிறது. முதலில் பார்க்க வேண்டிய பாஸ்பேட்டும் சோடியமும் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இது அந்த வரிசையைப் பற்றிய வழிகாட்டி. புதிய டயட்டீஷியன்களுக்கும் நர்ஸ்களுக்கும், வீட்டிலேயே டி.பி.என். பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கும் எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குறைமாதக் குழந்தைகளின் கணக்கே வேறு. இதில் உள்ள எதையும் சிகிச்சை தரும் டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்கக் கூடாது. காரணம் 6, 7ஆம் பகுதிகளைப் படித்தால் புரியும்.

ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. குடலின் உள்தோல் செல்கள் 3 முதல் 5 நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அந்தச் செல்கள் தங்கள் உணவில் பெரும்பங்கை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, குடலுக்குள் போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உடம்புக்கு வேண்டியது முழுவதும் பையிலிருந்து ஏறினாலும் குடலுக்குள் ஒன்றும் போகாவிட்டால் உறிஞ்சும் பரப்பு மெலியும், பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கும். எலிகளில் இது சில நாளிலேயே தெரியும். மனிதர்களில் மெதுவாக, குறைந்த அளவில் நடக்கிறது. ஆனாலும் நடக்கத்தான் செய்கிறது.

1. தொடங்குமுன் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை

முதலில், டி.பி.என். ஏன்? குடல் அடைப்பா, ஃபிஸ்டுலாவா (குடலிலிருந்து வேறு இடத்துக்குத் திறந்துகொண்ட தவறான வழி), குடல் அசைவு நின்றுவிட்டதா, வெட்டி எடுத்ததில் குடல் குட்டையாகிவிட்டதா? அடைப்பு என்றால் கீழே சொல்லும் பாதி விஷயங்கள் இப்போதைக்குக் கிடையாது.

இரண்டாவது, சிறுகுடல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஆபரேஷன் குறிப்பில் எடுத்த நீளத்தைத்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அது உதவாது. சிறுகுடலின் இயல்பான நீளமே ஆளுக்கு ஆள் பல மீட்டர் வித்தியாசப்படும் என்பதால், 2 மீட்டர் எடுத்தார்கள் என்பதை வைத்து மிச்சத்தைக் கணக்குப் போட முடியாது. மிச்ச நீளத்தை அறுவை சிகிச்சை டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, பெருங்குடல் தொடர்ச்சியில் இருக்கிறதா, இல்லை சிறுகுடல் நேராக வயிற்றின் மேல் ஸ்டோமாவில் (அறுவை சிகிச்சையில் வைத்த திறப்பில்) முடிகிறதா? நார்ச்சத்து தருவதா, உப்புக் கரைசல் தருவதா என்பதை இந்த ஒரு பதில்தான் முடிவு செய்யும். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 60 செ.மீ.க்கு மேல் போயிருந்தால் பி12 வாய் வழியாக ஏறாது, ஊசிதான். அதையும் அப்போதே குறித்துவிடுங்கள்.

அப்புறம் சிறுநீரகம், கல்லீரல், நோய் எதிர்ப்பு சக்தி எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். இரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்து ஓடுகிறதா என்பதும் வேண்டும். அந்த மருந்தின் அளவு ஏறிக்கொண்டிருக்கும்போது குடலுக்கு இரத்தம் சரியாகப் போகாது. அப்போது உள்ளே உணவைத் தள்ளினால் நன்மைக்குப் பதில் குடல் அழுகும் அபாயம்தான்.

2. பையில் என்ன இருக்கிறது என்று படியுங்கள்

எதையாவது கூட்டுவதற்கு முன் ஏற்கெனவே என்ன போகிறது என்று தெரிய வேண்டும். மூன்று அறை கொண்ட ரெடிமேட் பைகளில் குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் இருக்கும், பலவற்றில் உப்புச் சத்துகளும் இருக்கும். வைட்டமினும் நுண்தாதுக்களும் பொதுவாக இருக்காது. அவற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும். பையின் மேல் ஒட்டிய லேபிளில் சேர்த்த ஆம்பூலின் (சிறு மருந்துக் குப்பியின்) பெயர், நேரம், கையெழுத்து மூன்றும் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "எல்லாம் அதிலேயே இருக்கிறது" என்ற நம்பிக்கையில் ஆம்பூல் சேராமல் பை தொங்குவது புதியவர்கள் வேலை செய்யும் இடங்களில் சகஜம்.

குடலுக்காகவே கவனிக்க வேண்டிய தாது துத்தநாகம். வழக்கமாக நாளுக்கு 3 முதல் 5 மி.கி. போதும். ஆனால் ஃபிஸ்டுலா, ஸ்டோமா வழியாகச் சிறுகுடல் நீர் ஒரு லிட்டர் வெளியேறினால் சுமார் 12 மி.கி. துத்தநாகம் அதோடு போய்விடுகிறது. துத்தநாகம் குறைந்தால் வயிற்றுப்போக்கு கூடும், அதனால் துத்தநாகம் இன்னும் குறையும். புண்ணும் ஆறாது. வெளியேறும் அளவை அளந்து, அதற்கேற்பக் கூட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பித்தம் தேங்கிக் காமாலை வந்திருந்தால் மாங்கனீசும் தாமிரமும் உடம்பில் சேர்ந்துவிடும், ஏனென்றால் அவை வெளியேறும் வழியே பித்தம்தான். அந்த நிலையில் மேலும் ஒரு மல்டிவைட்டமின்-மினரல் பவுடரை வாய் வழியாகக் கொடுப்பது தவறு.

3. பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம், தயமின்

பல நாள் சாப்பிடாமல் கிடந்தவருக்குத் திடீரென்று சத்து ஏறினால், இன்சுலின் சுரந்து இந்த மூன்று உப்புகளையும் இரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசை தளரும். இதுதான் ரீஃபீடிங். குடல் நலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இந்த உப்புகள் குறைந்தால் குடல் அசைவும் படுத்துவிடும். அப்போது ஆரம்பித்த ஃபீட் (குழாய் வழியாகக் கொடுக்கும் திரவ உணவு) வயிற்றிலேயே தேங்கும், எல்லாரும் ஃபீடைக் குறை சொல்வார்கள்.

அதனால் அபாயம் அதிகம் உள்ளவருக்கு மொத்தக் கலோரியை ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 என்ற அளவில் தொடங்கி, சில நாளில் ஏற்றுவார்கள். தயமினை (வைட்டமின் பி1) கலோரிக்கு முன்னால் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் தினமும் இரத்தப் பரிசோதனை வேண்டும். இந்தக் கட்டம் தாண்டாமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்.

4. உண்மையான முதல் சப்ளிமெண்ட்: சிறு ஃபீட்

டப்பாவில் விற்கும் எதைவிடவும் குடலுக்கு உதவுவது கொஞ்சம் உணவுதான். குழாய் வழியாக மணிக்கு 10 முதல் 20 மி.லி. போதும். இதனால் வயிறு நிறையாது, எடையும் கூடாது. நோக்கம் அது இல்லை. உள்தோலில் உணவு பட்டாலே அங்கே ஹார்மோன்கள் சுரக்கின்றன, இரத்த ஓட்டம் கூடுகிறது, பித்தப்பை சுருங்குகிறது. இந்த வேலையை டி.பி.என். பை எத்தனை விலை உயர்ந்ததாக இருந்தாலும் செய்யாது.

எந்த ஃபீட்? முழுப் புரதம் உள்ள சாதாரண ஃபார்முலாவிலேயே தொடங்குங்கள். "குடல் பலவீனமாக இருக்கிறது, முன்கூட்டியே செரித்த ஃபார்முலாதான் கொடுக்க வேண்டும்" என்று நினைப்பது இயல்பு. ஆனால் செரிக்கிற வேலை கொடுத்தால்தான் குடல் தேறும். உடைத்த புரத ஃபார்முலாவின் அடர்த்தி அதிகம் என்பதால் நீரை இழுத்து வயிற்றுப்போக்கையும் கூட்டலாம். சாதாரணமானது ஒத்துவராதபோது மாற்றிக்கொள்ளலாம்.

குழாயின் நுனி எங்கே இருக்கிறது என்பது முக்கியம். இரைப்பையில் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகவோ மொத்தமாகவோ கொடுக்கலாம். சிறுகுடலில் இருந்தால் பம்ப் வைத்து மெதுவாகத்தான் விட வேண்டும், ஏனென்றால் தேக்கி வைத்து விடுவதற்கு அங்கே இடமில்லை. ஃபீட் ஓடும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கட்டும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் நிறுத்துவதில்தான். குழாயில் உறிஞ்சிப் பார்க்கும்போது இரைப்பையிலிருந்து 150 மி.லி. திரும்பி வந்ததும் ஃபீடை நிறுத்திவிடுவார்கள். வாந்தியோ வயிறு உப்பலோ வலியோ இல்லாமல், 500 மி.லி.க்குக் கீழே திரும்பி வருவதை மட்டும் வைத்து நிறுத்தத் தேவையில்லை. இரண்டு தடவை மலம் இளகியதும் நிறுத்துவது இன்னொரு பழக்கம். அதற்கு முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள். சிரப் வடிவ மருந்துகள் பலவற்றில் இனிப்புக்காக சார்பிட்டால் இருக்கும். நாலைந்து சிரப் சேர்ந்தால் அதுவே பேதி மருந்துதான். ஆன்டிபயாடிக் ஓடுகிறதென்றால் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் (ஆன்டிபயாடிக்குக்குப் பின் பேதி வரவைக்கும் கிருமி) பரிசோதனையும் கேளுங்கள்.

வாய் வழியாகச் சாப்பிட டாக்டர் அனுமதித்திருந்தால் குழாயைவிட வாயே மேல். மெல்லும்போது எச்சில் ஊறுகிறது, குடலுக்குத் தயாராகச் சொல்லிச் செய்தி போகிறது. எதையும் விழுங்கக் கூடாது என்றிருப்பவருக்குச் சர்க்கரை இல்லாத சூயிங்கம்மை மெல்லக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் அசைவு திரும்ப அது உதவுவதுண்டு. விழுங்கும் சிக்கலோ மயக்கமோ இருந்தால் கூடாது.

5. ஸ்டோமா உள்ளவருக்கு: தண்ணீருக்கு முன் உப்புக் கரைசல்

இந்தக் காட்சியை எந்த வார்டிலும் பார்க்கலாம். சிறுகுடல் குட்டையாகி ஸ்டோமாவில் முடிகிறவருக்குத் தாகம் தாங்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுக்கிறார். அரை மணி நேரத்தில் ஸ்டோமா பை நிறைகிறது. காலி செய்கிறார்கள், மறுபடி தாகம், மறுபடி தண்ணீர். மாலையில் உதடு வெடித்து, சிறுநீர் அடர் மஞ்சளாகி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. இத்தனைக்கும் நாள் முழுவதும் குடித்துக்கொண்டேதான் இருந்தார்.

காரணம், சிறுகுடலின் மேல்பகுதித் தோல் சல்லடை போன்றது. உள்ளே வரும் திரவத்தில் சோடியம் லிட்டருக்குச் சுமார் 90 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், உடம்பிலிருக்கும் சோடியம் குடலுக்குள் கசியும், அதோடு தண்ணீரும் போகும். வெறும் தண்ணீர், டீ, பழச்சாறு எல்லாம் இதே கதைதான். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் குடல் இரண்டையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதற்கு வழக்கமான கலவை: ஒரு லிட்டர் தண்ணீரில் குளுக்கோஸ் 20 கிராம், சாப்பாட்டு உப்பு 3.5 கிராம், சோடியம் பைகார்பனேட் 2.5 கிராம். குளிர வைத்து, நாள் முழுவதும் வாய் வாயாகக் குடிக்க வேண்டும். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கடைப் பாக்கெட்டாகக் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ்.ஸில் சோடியம் 75 மில்லிமோல்தான், வயிற்றுப்போக்குக்கு அது சரி, இவருக்குப் போதாது. மற்ற பானங்களை நாளுக்கு அரை லிட்டரோடு நிறுத்துங்கள். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் வீட்டாருக்கு மனம் ஒப்பாது. ஸ்டோமா பையை அளந்து காட்டினால் ஒப்புக்கொள்வார்கள்.

போதுமான உப்பு உடம்பில் தங்குகிறதா என்று தெரிய, சிறுநீர் சோடியம் பாருங்கள். லிட்டருக்கு 20 மில்லிமோலுக்குக் கீழே என்றால் இன்னும் பற்றாக்குறைதான். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இந்தக் கலவையை டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

6. குளுட்டமின்: யாருக்குக் கூடாது என்பதில் தொடங்குங்கள்

சிறுகுடல் செல்களின் முக்கிய எரிபொருள் குளுட்டமின் என்ற அமினோ அமிலம். அது கரைசலில் நாள்பட நிலைக்காது என்பதால் சாதாரண டி.பி.என். அமினோ அமிலக் கரைசல்களில் இல்லை. குடலுக்கு வேண்டியது இது, பையில் இல்லாததும் இது, அப்படியானால் சேர்த்துவிடலாம் என்ற முடிவு இயல்பாகவே வரும். பல வருடம் அப்படித்தான் சேர்த்தார்கள்.

2013இல் வெளியான ரெடாக்ஸ் ஆய்வு இதை மாற்றியது. உறுப்புகள் செயலிழந்து வென்டிலேட்டரில் இருந்த 1,200க்கும் மேற்பட்டவர்களிடம் அதிக அளவு குளுட்டமினைச் சோதித்தார்கள். 28 நாளுக்குள் இறந்தவர்கள் குளுட்டமின் பெற்றவர்களில் 32.4%, பெறாதவர்களில் 27.2%. ஆறு மாதக் கணக்கிலும் குளுட்டமின் பெற்றவர்களே அதிகம் இறந்திருந்தார்கள்.

ஆகவே சிறுநீரகமோ கல்லீரலோ செயலிழந்தவருக்கும், நிலை தடுமாறிக்கொண்டிருக்கும் ஐ.சி.யூ. நோயாளிக்கும் குளுட்டமின் கூடாது. பவுடராகவும் கூடாது. நிலை சீரானவருக்கு டாக்டர் முடிவு செய்தால், அலனைல்-குளுட்டமின் என்ற இரட்டை வடிவத்தில் இரத்தக் குழாய் வழியாகக் கொடுப்பதுண்டு. பவுடராகக் கொடுக்கச் சொன்னால் அவ்வப்போது கலந்து உடனே கொடுங்கள், காலையில் கலந்ததை இரவுக்கு வைக்காதீர்கள். வீட்டு டி.பி.என்.னில் உள்ளவர்களுக்கு இதனால் பெரிய மாற்றம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

7. புரோபயாடிக்: சென்ட்ரல் லைன் இருக்கும்வரை வேண்டாம்

இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். கேப்ஸ்யூலை உடைத்துத் தண்ணீரில் கலக்கும் கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். மெல்லிய பொடி எழும்பி மேசை மேலும் கையுறை மேலும் படியும். அதே கை, இரண்டடி தள்ளி இருக்கும் சென்ட்ரல் லைனின் (பெரிய இரத்தக் குழாய்க்குள் போகும், டி.பி.என். ஏறும் குழாயின்) மூடியைத் திறக்கும். சாக்கரோமைசிஸ் பவுலார்டி என்ற ஈஸ்ட் இப்படி இரத்தத்தில் கலந்து, ஆபத்தான தொற்று வந்தவர்கள் உண்டு. கேப்ஸ்யூலை உட்கொள்ளாத பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் வந்திருக்கிறது. அதனால்தான் சென்ட்ரல் லைன் உள்ளவர்களுக்கும் கவலைக்கிடமாக இருப்பவர்களுக்கும் அந்த மருந்து கூடாது என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

பாக்டீரியா வகையும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. கடுமையான கணைய அழற்சிக்குச் சிறுகுடல் குழாய் வழியாகப் புரோபயாடிக் கொடுத்த டச்சு ஆய்வு ஒன்று 2008இல் வெளிவந்தது. புரோபயாடிக் பெற்றவர்களில் 16% இறந்தார்கள், பெறாதவர்களில் 6%. முதல் குழுவில் 9 பேருக்குக் குடலுக்கு இரத்தம் போகாமல் போயிற்று. மற்றக் குழுவில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை.

குட்டைக் குடலோடு பெருங்குடலும் உள்ளவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. செரிக்காத மாவுச்சத்தைச் சில லாக்டோபேசில்லஸ் வகைகள் டி-லாக்டிக் அமிலமாக மாற்றும். நாக்கு குழறும், நடை தள்ளாடும், போதையில் இருப்பவர் போலத் தெரிவார். வீட்டில் யாருக்கும் இது குடலிலிருந்து வருகிறது என்று தோன்றாது.

லைன் எடுத்த பிறகு வேண்டுமானால் யோசிக்கலாம். அதுவரை, உள்ளே இருக்கும் நல்ல கிருமிகளுக்குச் சாப்பாடு போடுவதுதான் வழி. அடுத்த படி அது.

8. கரையும் நார்ச்சத்து: பெருங்குடல் உள்ளவருக்கு

பெருங்குடல் செல்கள் பெரிதும் நம்பியிருப்பது பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பமிலங்களை. நார்ச்சத்தைக் கிருமிகள் புளிக்க வைக்கும்போது அவை கிடைக்கின்றன. குட்டைக் குடல் உள்ளவருக்கு இந்தக் கொழுப்பமிலங்கள் பெருங்குடலில் உறிஞ்சப்பட்டுக் கலோரியாகவும் சேரும், சோடியத்தையும் நீரையும் உள்ளே இழுத்துக்கொள்ளவும் உதவும். பெருங்குடல் இல்லாதவருக்கு இதில் பெரிய லாபம் இல்லை.

சிறு ஃபீட் இரண்டு மூன்று நாள் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு தொடங்குங்கள். நாளுக்கு 5 கிராம், அப்புறம் பொறுத்துக்கொள்வதைப் பார்த்து மெதுவாக ஏற்றலாம். குழாய் வழி என்றால் பகுதியாகச் சிதைத்த குவார் கம் (கொத்தவரை விதைப் பிசின்) நல்லது, தண்ணீர் போல ஓடும். இசப்கோலைக் குழாயில் விடாதீர்கள். உள்ளேயே ஊறிக் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும், பிறகு குழாயையே மாற்ற வேண்டும். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

குடல் அடைப்பு, குறுகிய பகுதி, குடலுக்கு இரத்தம் குறைவாகப் போகும் நிலை இருந்தால் நார்ச்சத்து வேண்டாம்.

9. ஒரு நேரத்தில் ஒன்று, கூடவே நோட்டு

திங்கட்கிழமை நார்ச்சத்து, துத்தநாகம், புது ஃபார்முலா மூன்றையும் சேர்த்துவிட்டுப் புதன்கிழமை வயிறு உப்பினால் எதை நிறுத்துவது? ஒன்றைச் சேர்த்து மூன்று நாள் பாருங்கள், பிறகு அடுத்தது.

நோட்டில் தினமும் எழுத வேண்டியவை குறைவுதான்: எடை, உள்ளே போன அளவு, சிறுநீர், மலம் அல்லது ஸ்டோமா அளவு, உஷ்ணம். "பரவாயில்லை", "கொஞ்சம் அதிகம்" என்று எழுதாதீர்கள். மி.லி.யில் எழுதுங்கள். எடை ஒரே நாளில் ஒரு கிலோ மாறினால் அது தண்ணீர்தான், சதை இல்லை.

38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், அதிலும் பை ஏறத் தொடங்கியதும் குளிர் நடுக்கம் வந்தால், லைன் தொற்று என்றே எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்டுக் காலைவரை பார்க்க வேண்டாம். வயிறு கல் போல இறுகுவது, மலத்தில் இரத்தம், நாக்குக் குழறல் இவற்றுக்கும் அதே அவசரம்தான்.

10. பையைக் குறைக்கும்போது

வாய் அல்லது குழாய் வழியாகத் தேவையில் 60% போல உள்ளே போய், அது தங்கவும் செய்தால் டி.பி.என்.னை நிறுத்துவது பற்றிப் பேசலாம். "உள்ளே போனது" வேறு, "தங்கியது" வேறு. எடையும் ஸ்டோமா அளவும்தான் இரண்டாவதைச் சொல்லும். வீட்டு டி.பி.என். என்றால் முதலில் ஓடும் நேரத்தைக் குறைத்து இரவுக்கு மட்டும் கொண்டுவருவார்கள். பிறகு வாரத்தில் ஒரு இரவு, இரண்டு இரவு என்று விடுவார்கள். பை இல்லாத மணி நேரங்கள் கல்லீரலுக்கும் ஓய்வு. ஒவ்வொரு இரவும் முடிக்கும்போது கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் வேகத்தைக் குறைத்து நிறுத்துங்கள், சட்டென்று நிறுத்தினால் சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் ஒரு தவறு, பை போனதும் அதோடு போய்க்கொண்டிருந்த வைட்டமினும் துத்தநாகமும் செலினியமும் போய்விட்டதை மறப்பது. எந்த இரவை விடுகிறீர்களோ அந்த அளவு வாய் வழியாக ஈடுகட்ட வேண்டும். மாத்திரை அப்படியே ஸ்டோமாவில் வந்து விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மென்று சாப்பிடும் வகைக்கோ திரவத்துக்கோ மாற்றச் சொல்லுங்கள். முழுதாக நிறுத்திய பிறகும் பி12 ஊசியின் அடுத்த தேதியும், நுண்தாதுக்களுக்கான அடுத்த இரத்தப் பரிசோதனையின் தேதியும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.